மல்லாட்டை பங்களாவைப் பூசியவர்

அவரைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். விழுங்கத் தோன்றாது, துப்பத்தான் தோன்றும். ஆனால் துப்ப முடியாத இடங்களில்தான் அவர் பேச்சு வருகிறது. கல்யாண மண்டபத்தில் வரும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும். "தங்கமான மனுஷன்ங்க" என்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரியக்கூடியவர். விழுப்புரத்தில் கட்டட கான்ட்ராக்டர். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கியிருந்தார். நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய கல்லூரி மாணவியர் விடுதியில் வார்டன். விடுதிக் கட்டடத்தைப் பழுது பார்க்க வந்தவர் என்ற முறையில் அவரை எனக்குத் தெரியும். அந்த அளவுக்குத் தெரிந்ததே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

பார்க்க லட்சணமான ஆள். சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். வலது கட்டைவிரல் மட்டும் சும்மா இருக்காது. மேஜை விளிம்பு, டம்ளரின் வாய், நாற்காலிக் கை, எதன்மேல் கை வைத்தாலும் அந்த விரல் அதைத் தடவித் தடவி வழவழப்பாக்கிக்கொண்டே இருக்கும். பேச்சும் அப்படித்தான், ஒரு சொரசொரப்பு இருக்காது. விடுதியில் இருந்த அத்தனை பெண்களின் பெயரும் வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு மனப்பாடம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை நேரத்தில் ஒரு கூடை நிறைய அவித்து, சூடு ஆறாமல் ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுவந்து இறக்குவார். மோட்டார் கெட்டுப்போனால் தன் ஆளை அனுப்பிச் சரிசெய்துவிட்டுப் போவார். பெண்கள் அவரை "மாமா" என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் ஆரம்பத்தில் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. இதைச் சொல்லும்போது நாக்கு கசக்கிறது.

அவருடைய பேச்சில் ஒரு வாக்கியம் ஓயாமல் வரும். "பூசிடலாம், உடுங்க மேடம்."

முதன்முதலில் அதன் முழு அர்த்தமும் எனக்குப் புரிந்தது ஒரு பெருச்சாளியால்.

எங்கள் சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் பழைய காலத்துக் காற்றுப்புழை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பெருச்சாளி புகுந்து செத்துவிட்டது. இரண்டாம் நாள் பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். சமையல்கார சரசு அக்கா குமட்டிக் குமட்டி, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றினாள். நான் அவருக்குப் போன் செய்தேன். உடனே வந்தார். அதில் குறை சொல்ல முடியாது. எப்போது கூப்பிட்டாலும் உடனே வருவார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஓட்டையின் ஆழத்தில் வால் தெரிந்தது. அதன்மேல் ஏதோ நெளிந்துகொண்டிருந்ததும் தெரிந்தது.

"பூசிடலாம், உடுங்க மேடம்" என்றார்.

"அதை வெளில எடுக்காமயா?"

"எடுக்கணும்னா செவுத்த ஒடைக்கணும். பேஜாரு. ஓட்டைய அடைச்சிட்டா வாடை எப்பிடி வரும்? ரெண்டு நாள்ல தானா காஞ்சிடும்."

நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் அடைத்துவிட்டார். மேலே சுண்ணாம்பும் அடித்தாயிற்று. இரண்டு நாள் நாற்றம் இல்லை. அவர் வந்து மூச்சை நன்றாக இழுத்துக் காட்டி, "இன்னா மேடம்?" என்று சிரித்தார். அதற்கடுத்த வாரம் அந்த இடத்தில் எண்ணெய் பட்டதுபோல் ஒரு கறை கிளம்பியது. உள்ளங்கை அளவு இருந்தது, பிறகு தட்டு அளவு ஆனது. மஞ்சளும் பழுப்புமாக ஓரம் கட்டி, நடுவில் ஈரமாக மினுங்கியது. நாற்றம் இப்போது சுவர் வழியாகவே வந்தது. மறுபடி போன் செய்தேன். மறுபடி உடனே வந்தார். கையோடு ஒரு மகாலட்சுமி காலண்டர் கொண்டுவந்து அந்தக் கறைக்கு மேல் ஆணி அடித்து மாட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் நானே ஆள் வைத்துச் சுவரை உடைத்து அதை வாரி எடுக்கச் செய்தேன். எடுத்ததை இங்கே எழுத மாட்டேன். அன்று சரசு அக்கா வேலையை விட்டுப் போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

மனிதர்களையும் அவர் இப்படித்தான் கையாண்டார். அவரிடம் வேலை செய்த மேஸ்திரி ஒருவன் சித்தாளாக வந்த ஒரு பெண்ணிடம் வம்பு செய்தான். மணல் சலிக்கும் இடத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்ததை நானே மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கி வந்து இவரிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ எம்மவ மாரிம்மா" என்றார். எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார். அவளுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

"எங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"வேற சைட்டுக்கு அனுப்பிட்டேன் மேடம். இங்க இருந்தா அதுக்குத்தானே சங்கடம்?"

மேஸ்திரி அங்கேதான் இருந்தான். பாக்கு மென்றுகொண்டு மணல் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தான்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அதற்கு மல்லாட்டை பங்களா என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் மல்லாட்டை வாங்கிக் கப்பலேற்றிய ஒரு கம்பெனி கட்டியது. கீழே கிடங்கு, மேலே துரை வீடு. பிறகு யார் யாரோ கைமாறி அறக்கட்டளைக்கு வந்தது. அகலமான சுவர்கள், வளைவுகள் வைத்த வராந்தா, கூரை விளிம்பைச் சுற்றி ஓடும் கனத்த கார்னிஸ். மேலே பூசியிருந்த பூச்சு பழுத்த சப்போட்டாத் தோல் நிறத்தில் இருக்கும். பல இடங்களில் உதிர்ந்திருந்ததால் அறக்கட்டளை பழுது பார்க்க முடிவு செய்தது. அதற்காகப் புதுச்சேரியிலிருந்து ஒரு பொறியாளர் அம்மாவை வரவழைத்தார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதுதான் அவர் படிப்பு. ஒரு நாள் முழுக்கச் சுவரைச் சுரண்டியும் தட்டியும் பார்த்தவர், சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு சில்லை உள்ளங்கையில் வைத்தார்.

"இது நம்ம ஊர் சுண்ணாம்பு இல்ல மேடம். இப்ப கடையில விக்கற சிமெண்ட்டும் இல்ல. களிமண் கலந்தே பூமியில கெடைக்கற ஒரு சுண்ணாம்புக்கல் இருக்கு. அதை அப்படியே சூளையில சுட்டு அரைச்சா இது. இயற்கை சிமெண்ட். மல்லாட்டை ஏத்திக்கிட்டுப் போன கப்பல் திரும்பி வரும்போது பீப்பாயில கொண்டுவந்திருப்பாங்க. இந்தக் கருப்புப் புள்ளி தெரியுதா? சூளையில கூடுதலா வெந்த துணுக்கு. அதுதான் இதுக்கு அடையாளம்."

எதைக் கொண்டு பழுது பார்ப்பது என்று கேட்டேன்.

"இதைக் கொண்டுதான். வெளிநாட்டுல ஒண்ணு ரெண்டு இடத்துல இன்னும் செய்யறாங்க, வரவழைக்கலாம். சாதா சிமெண்ட் மட்டும் பட்டுடக் கூடாது. கட்டினவங்க கடலோரத்து மணலைப் போட்டுட்டாங்க. செங்கல் முழுக்க உப்பு. இந்தப் பூச்சு மிருதுவானது, ஈரத்தையும் உப்பையும் வெளியே விட்டுடும். சாதா சிமெண்ட் கெட்டி. வாயைப் பொத்தின மாதிரி ஈரம் உள்ளேயே நிக்கும். உப்பு உள்ளேயே பூத்து செங்கல்லை மாவாக்கிடும். வெளியே பாத்தா செவுரு புதுசா இருக்கும். உள்ளே ஒண்ணும் இருக்காது."

அந்த அம்மாவே மேற்பார்வை பார்த்திருந்தால் இதையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்காது. அறிக்கையை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அறக்கட்டளைச் செயலாளருக்கு வேண்டியவர் என்பதால் வேலை இவர் கைக்குப் போனது.

வெளிநாட்டு மூட்டைகள் வந்தன. வராந்தாவில் அடுக்கிப் பூ வைத்துப் பூஜை போட்டார். செயலாளரையும் மற்றவர்களையும் உட்காரவைத்து, ஒரு மூட்டையைப் பிரித்துக் கொஞ்சம் குழைத்துக் காட்டினார். நாங்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அது இறுகிவிட்டது. செயலாளர் கரண்டியால் தட்டிப் பார்த்தார். 'டங்' என்றது. எல்லாரும் கை தட்டினோம். இந்த சிமெண்ட்டின் குணமே அதுதானாம், கை வைத்த சூட்டிலேயே கல்லாகிவிடும். அவர் அதைப் பற்றி அன்று பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். பொறியாளர் அம்மா சொன்ன அத்தனையும் சொன்னார். அவரைவிட அழகாகச் சொன்னார். "செவுரு மூச்சு விடணும் சார். நம்மள மாரித்தான் அதுவும்" என்றபோது அவர் குரலே தழுதழுத்தது.

வேலை தொடங்கிய பிறகு ஒருநாள் முற்பகலில் வராந்தாப் பக்கம் போனேன். குழைத்த கலவை பெரிய குவியலாகக் கிடந்தது. காலையிலிருந்து அதிலிருந்துதான் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இளக்கமாகவே இருந்தது. நிறம் மட்டும் அதே பழுப்பு.

"அன்னிக்கு டீ குடிக்கறதுக்குள்ள இறுகிடுச்சே. இது ஏன் இப்பிடியே கெடக்குது?" என்று அவரைக் கேட்டேன்.

கட்டைவிரல் மண்வெட்டிக் காம்பைத் தடவியது. "எலுமிச்சை உப்பு கலந்திருக்கோம் மேடம். இல்லேன்னா கொத்தனாரு கையிலயே கல்லாயிடும்" என்றார்.

பொறியாளர் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். எலுமிச்சை உப்பு போடுவது உண்டுதான், ஆனால் அது கொஞ்ச நேரம்தான் தாங்கும், காலையில் குழைத்தது மதியம்வரை நிற்காது, ஒரு கட்டி எடுத்து அனுப்புங்கள் என்றார். செயலாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அந்தம்மாவுக்கு இந்த வேலை கெடைக்கலன்னு எரிச்சல். நீங்க பசங்களப் பாத்துக்கங்க மேடம். கட்டடத்த அவர் பாத்துக்குவாரு" என்றார். கட்டி அனுப்பக் கூடாது என்றும் சொன்னார்.

வேலை முடிந்தது. பங்களா புதுப் பெண்ணைப்போல் இருந்தது. திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

முதல் மழைக்கே சுவரிலிருந்து நிறம் இறங்கியது. வெற்றிலை எச்சிலைப்போல் வழிந்து வராந்தா ஓரத்துச் சாக்கடையில் போய்த் தேங்கியது. மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வந்து கணிதம் படித்துக்கொண்டிருந்த நிவேதா என்ற பெண் வராந்தாவில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளுடைய வெள்ளைத் துப்பட்டா முதுகுப்பக்கம் பழுப்பாகிவிட்டது. எவ்வளவு துவைத்தும் போகவில்லை. "மேடம், செவுத்துக்கு யாரோ டை அடிச்சிருக்காங்க" என்றாள். நல்ல வாய்த்துடுக்கு. எனக்கு அவளை மிகவும் பிடிக்கும்.

அதன்பின் உள்ளே ஆரம்பித்தது. அறைகளில் நனைந்த நாயின் நாற்றம். சுவரோரக் கட்டில்களில் தலையணை உறைகள் கரும்புள்ளி விழுந்து மெழுமெழுவென்று ஆயின. பெட்டிக்குள் மடித்து வைத்த துணி ஈரமாக இருந்தது. பூச்சு அங்கங்கே கொப்பளித்தது. கொப்பளத்தை அழுத்தினால் பின்னாலிருந்து உப்புத் தண்ணீர் கசிந்து மணிக்கட்டுவரை ஓடும். பெண்களுக்கு இருமல், தோலில் அரிப்பு. அவரைக் கூப்பிட்டேன். வந்தார். கொப்பளங்களைத் தட்டி எடுத்துவிட்டு அதன்மேல் இன்னொரு கை பூசச் சொன்னார். பெண்களுக்கு இருமல் மருந்தும் வாங்கி வந்திருந்தார்.

அந்தக் கோடையில் பேத்திக்குக் காதுகுத்து என்று குடும்பத்தோடு வந்து பத்திரிகை வைத்தார். திருவாமாத்தூரில் கோயிலுக்குப் பக்கத்தில் அவருடைய தாத்தா காலத்து வீடு இருந்தது. அதைப் புதுப்பித்து அங்கே விழா. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

வீடு அழகாக இருந்தது, மறுக்க மாட்டேன். வெளியே அனல் பறந்தது. உள்ளே காலை வைத்ததும் குளிர்ச்சி. அவர் என்னைத் தனியாகக் கூடத்துக்குள் அழைத்துப்போய் ஒரு சுவரின் முன் நிறுத்தினார்.

"தொட்டுப் பாருங்க மேடம்."

தொட்டேன். உலர்ந்த, மெத்தென்ற குளிர்ச்சி.

"போன மழைல ஊரே ஊறிக்கினு கெடந்துது. இந்தச் செவுரு ஒரு பொட்டு ஈரம் காட்டல" என்றார். முகத்தைச் சுவரின் அருகே கொண்டுபோய், பேத்தியின் கன்னத்தைத் தடவுவதுபோல் கட்டைவிரலால் தடவினார். "இந்தக் கருப்புப் புள்ளி தெரியுதா? ஒரிஜினலுக்கு இதான் அடையாளம். வேற எதுலயும் வராது."

பெருமையில் யாரிடம் பேசுகிறோம் என்பதையே மறந்துவிட்டார்.

"எங்க பங்களாவுல ஏன் இந்தப் புள்ளி இல்ல?" என்றேன்.

விரல் நின்றது. பிறகு திரும்பினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"சாப்ட்டீங்களா மேடம்? மொதல்ல சாப்புடுங்க. டேய், மேடத்துக்கு எல போடுங்கடா!"

பந்தியில் உட்காரவைத்து அவரே பாயசம் ஊற்றினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். பணத்தாசையில், எது எதற்கு ஆகும் என்று புரியாமல் செய்கிறவர்கள் உண்டு. இவர் அப்படி இல்லை. அந்த சிமெண்ட்டின் அருமை அவருக்குத் தெரிந்த அளவு எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததால்தான் அதைத் தன் பேத்தி தவழும் கூடத்துக்குக் கொண்டுபோனார். எங்கள் பெண்கள் படுக்கும் அறைக்குச் சாதா சிமெண்ட்டில் சாயப்பொடி கலந்து பூசிவிட்டு, இருமல் மருந்து வாங்கி வந்தார். அந்த மருந்தை நானே கரண்டியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாளே செயலாளரிடம் போனேன். "விசேஷ வீட்டுக்குப் போயி செவுத்தத் தடவிப் பாத்துக்கினு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் பின்பக்க அறைகளைக் காலி செய்து பெண்களையெல்லாம் நடுக்கூடத்தில் படுக்கவைத்தேன். பின்பக்க வராந்தாவில் கயிறு கட்டி யாரும் போகக் கூடாது என்றேன். என் கைக்கு எட்டியது அவ்வளவுதான்.

அடுத்த ஐப்பசியில் விடாமல் மழை பெய்து ஒருநாள் மதியம் வெயில் அடித்தது. பெண்கள் கொல்லைக் கொடியில் துணி போட்டிருந்தார்கள். காற்றில் ஒரு சுடிதார் பறந்துபோய், கயிறு கட்டியிருந்த வராந்தாவின் சுவரோரம் விழுந்தது. நிவேதா அதை எடுக்கக் குனிந்திருக்கிறாள். சத்தம் கேட்டு நான் ஓடிப் போவதற்குள் சரசு அக்கா தரையில் மண்டியிட்டு வெறும் கையால் கட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மேலிருந்த கார்னிஸ் பூச்சோடு பெயர்ந்து விழுந்திருந்தது. தலை தப்பியது. வலது கை அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். கல்போல் கெட்டியான பூச்சு பலகை பலகையாகக் கழன்றிருந்தது. அதன் பின்னால் செங்கல் இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீர் விட்ட கேப்பை மாவுபோல் ஏதோ சொதசொதவென்று வழிந்துகொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மூடிக்கிடந்த அத்தனை நாள் நாற்றமும் ஒரேயடியாக முகத்தில் அடித்தது.

விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிவேதாவின் அப்பா கடலிலிருந்து அப்படியே வந்திருந்தார். லுங்கியில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னாலேயே இவரும் வந்தார், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு. நிவேதாவைப் பார்த்து உண்மையாகவே கண்ணீர் விட்டார். பிறகு அவள் அப்பாவின் தோளில் கை போட்டு வெளி வராந்தாவுக்கு அழைத்துப்போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"செலவு பூரா என்னுது அண்ணா. பொண்ணு கல்யாணம் வரைக்கும் நான் பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு. யாரு கேட்டாலும், வெளையாட்டா கைப்பிடிச் செவுத்து மேல ஏறிச்சி, சறுக்கிடுச்சின்னு சொல்லிடுங்க. பொண்ணுக்கும் நல்லது. போலீஸு கேஸுன்னா பொம்பளப் புள்ள பேரு அடிபடும்."

நிவேதாவின் அப்பா தன் தோளில் இருந்த கையை எடுத்துக் கீழே விட்டார்.

"எம்பொண்ணு துணி எடுக்கப் போச்சி. செவுத்து மேல ஏற அது இன்னா பூனையா?"

"அதில்லண்ணா..."

"இருய்யா. நான் படகு வச்சிருக்கேன். ஓட்ட உழுந்த படகுக்கு வெளில பெயிண்ட் அடிச்சி ஜோரா வித்துடலாம். ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா அதுல ஏறிக்கினு போறவன் எவன் பெத்த புள்ளையோ? எங்க பக்கத்துல அப்பிடி வித்தவன் கையால எவனும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டான்." ஆப்பிள் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "எடுத்துக்கினு போ. எம்பொண்ணு கண்ணுல படாத."

அவர் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார். பதறிய மாதிரியே தெரியவில்லை, ஏலக்காய் மணத்தது. நான் அங்கேயே ஜன்னலுக்கு வெளியே எட்டி வாந்தி எடுத்தேன்.

போலீஸில் புகார் கொடுத்தது நிவேதாவின் அப்பாதான். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், திருவாமாத்தூர் வீட்டையும் சேர்த்து. அதற்குப் பிறகுதான் பொறியாளர் அம்மாவை மறுபடி அழைத்தார்கள். பங்களாவிலிருந்து எடுத்த சில்லில் சாதா சிமெண்ட்டும் சாயமும். திருவாமாத்தூர் கூடத்திலிருந்து எடுத்ததில் கருப்புப் புள்ளிகள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அவருடைய லைசென்ஸ் ரத்தானது. அவர் மகன் பெயரில் புதிது வந்தது. பொன்னாடை போர்த்திய செயலாளர், தனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்றார்.

பங்களாவை அந்த அம்மாவே பொறுப்பெடுத்து, கெட்டிப் பூச்சை அங்குலம் அங்குலமாக எடுத்து, மாதக்கணக்கில் சுவரைக் காயவிட்டு, உண்மையான இயற்கை சிமெண்ட்டில் பழுது பார்த்துக் கொடுத்தார். இப்போது அங்கே ஈரம் இல்லை. நிவேதாவின் வலது கையில் மட்டும் இரண்டு விரல் மடங்குவதில்லை. இடது கையால் எழுதப் பழகிப் பரீட்சை எழுதினாள். கோட்டக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். கரும்பலகையில் அவள் எழுத்து என் எழுத்தைவிட அழகு.

போன மாதம் அவளோடு விடுதியில் இருந்த ஒரு பெண்ணுக்கு விழுப்புரத்தில் கல்யாணம். நானும் நிவேதாவும் சேர்ந்து போனோம். மண்டபத்தில் நுழைந்ததும் அவர் எங்களைப் பார்த்துவிட்டார். தலை நரைத்திருந்தது. சட்டை அதே வெள்ளை. ஏழெட்டுப் பெரிய மனிதர்கள் சூழ உட்கார்ந்திருந்தவர் எழுந்து ஓடிவந்து, நிவேதாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நம்ம பொண்ணு சார் இது!" என்று திரும்பி அவர்களிடம் சொன்னார். "சின்ன வயசுல ஒரு ஆக்சிடெண்ட்டு. நான்தான் ஆஸ்பத்திரில கூடவே இருந்து பாத்துக்கினேன். இப்ப பாருங்க, டீச்சரு!" அவர் கட்டைவிரல் அவளுடைய மடங்காத விரல்களின்மேல் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்கள். ஒருவர், "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார்.

நிவேதா கையை உருவிக்கொள்ளவில்லை. அவரைத் தாண்டி அவர்களைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "இவரு பூசின செவுரு உழுந்துதான் சார் இந்த வெரலுங்க போச்சி. மேல ஏறி உழுந்தேன்னு பொய் சொல்லச் சொல்லி எங்கப்பாகிட்ட ஆப்பிள் குடுத்தாரு. அதையும் சொல்லிடுங்க மாமா."

நாதஸ்வரம் ஓய்ந்திருந்த நேரம். அவள் சொன்னது அந்தப் பக்கம் முழுக்கக் கேட்டது. பெரிய மனசு என்று சொன்னவர் தன் செருப்பைப் பார்த்தார். இவர் மட்டும் சிரித்தார். "வாய்த்துடுக்கு மேடம் இதுக்கு, அப்பவே அப்பிடித்தான்" என்று என் பக்கம் திரும்பினார். நான் சிரிக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு யாரோ கூப்பிட்டதுபோல் மேடைப் பக்கம் நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

நிவேதா நேராகக் கை கழுவும் இடத்துக்குப் போனாள். குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். ஒருமுறை கழுவிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தாள். நான் பக்கத்துக் குழாயைத் திறந்து என் கையையும் கழுவினேன். அவர் என் கையைத் தொடவில்லை. நாங்கள் இன்னும் சாப்பிடவும் இல்லை.